நனைந்த லேப்டாப் காய்ந்துவிட்டது. ஆன் செய்து பார்க்கலாமா?

கேள்வி: சென்ற வாரம் பெய்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த என் மகளின் லேப்டாப் பையோடு நனைந்துவிட்டது. அப்போது அது அணைந்துதான் இருந்தது. இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, பிறகு அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருக்கிறோம். இப்போது ஈரமே தெரியவில்லை. ஆன் செய்து பார்க்கலாமா? அவளுடைய கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: இதுவரை ஆன் செய்யாமல் இருந்தீர்களே, அந்தப் பொறுமையால்தான் ப்ராஜெக்ட் கிடைப்பதற்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. தயவுசெய்து இனியும் ஆன் செய்ய வேண்டாம். சார்ஜரையும் செருக வேண்டாம்.

தண்ணீர் காய்ந்துபோகும்; தண்ணீரோடு உள்ளே போனது அங்கேயே தங்கிவிடும். நம் தெருக்களில் தேங்கும் மழைநீர் பெரும்பாலும் சாக்கடையோடு கலந்தது என்பதால், அதில் கரைந்திருக்கும் உப்பும் அழுக்கும் லேப்டாப்பின் முதன்மை மின்சுற்றுப் பலகையான மதர்போர்டின் மேல் படிந்துவிடுகின்றன. லேப்டாப் அணைந்திருந்தாலும் பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். சென்னைக் காற்றிலிருந்து அந்த உப்பு மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து செம்புப் பாதைகளை அரிக்கத் தொடங்கும். இப்படி நனைந்து, சில வாரங்கள் கழித்துத் திறக்கப்பட்ட ஒரு போர்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சார்ஜர் செருகும் இடத்தை ஒட்டி, பழைய செம்புக்குடத்தில் ஏறும் களிம்பைப் போலப் பச்சை பூத்திருந்தது. கடுகளவுகூட இல்லாத இரண்டு உதிரிபாகங்கள், பிரஷ் பட்ட மாத்திரத்தில் கழன்று விழுந்தன.

லேப்டாப்பை அரிசியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே சிக்கிய ஈரத்தை அரிசி இழுப்பதில்லை. அதன் மாவுத்தூள்தான் யுஎஸ்பி துளைகளிலும் விசிறியிலும் போய் அடையும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம்; சூடு பேட்டரிக்கும் திரைக்கும் ஆகாது.

வாரன்டியோ காப்பீடோ இருந்தால், திறப்பதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். சாதாரண வாரன்டியில் நீர்ச்சேதம் பொதுவாகச் சேராது. விபத்துப் பாதுகாப்பு தனியாக வாங்கியிருந்தால் பலன் உண்டு. இல்லையென்றால், ரிச்சி தெருவிலோ உங்கள் பகுதியிலோ போர்டு அளவில் சர்வீஸ் செய்யும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்வார்களா என்று கேளுங்கள். 'ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிடலாம்' என்று கடைக்காரரே சொன்னாலும், சுத்தம் செய்யும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ப்ராஜெக்டை முதலில் மீட்கச் சொல்லுங்கள், லேப்டாப்பைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். பல மாடல்களில் கோப்புகள் சேமிக்கப்படும் பாகமான எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து, வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுத்துவிட முடியும். சில மாடல்களில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அப்போது போர்டை உயிர்ப்பித்தே ஆகவேண்டும். விண்டோஸில் கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி செயல்பாட்டில் இருந்தால், கழற்றிய எஸ்எஸ்டி 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் திறக்காது. மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று, கடைக்குப் போவதற்கு முன்பே வேறொரு கணினியிலோ போனிலோ பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் சார்ஜரும் இருந்து நனைந்திருந்தால், அதைக் காயவைத்துப் பயன்படுத்தாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.