கோட்டை நெல்லும் கோட்டை மதிலும் ஒரே சொல்லா?

திருநெல்வேலிப் பக்கம் 'பத்துக் கோட்டை நெல்' என்கிறார்களே, ராஜாவின் கோட்டைக்கு அளந்ததால் வந்த பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வீட்டில் பழைய பத்திரம் ஏதாவது கைக்கு வந்திருக்கும், அதில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மதில் கோட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாளையங்கோட்டை, செங்கோட்டை என்று எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. 1801இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியது பாளையங்கோட்டையில்தான். கன்னடத்தில் கோட்டே, தெலுங்கில் கோட்ட, பொருள் இதேதான்.

நெல் கோட்டை வேறு. சேரன்மாதேவிப் பக்கம் எங்கள் வீட்டுக் களத்தில் ஆச்சி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வைக்கோலில் பிரி, அதாவது கயிறு, முறுக்கி, வைக்கோலை வட்டமாக விரித்து, நடுவில் விதைநெல்லைக் கொட்டி, நாலு பக்கமும் மடக்கி இறுக்கிக் கட்டுவாள். தட்டித் தட்டி உருண்டையாக்கி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பாள். பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவும்போது அதை அப்படியே கன்னடியன் கால்வாயில் முக்கி வைப்போம். எடுத்துப் பிரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக முளை கட்டியிருக்கும். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் கோட்டை. அளவாகச் சொல்லும்போது, நெல் அளக்கிற மரக்காலால் 21 மரக்கால் ஒரு கோட்டை. அவ்வளவு விதை விதைக்கிற நிலம் ஒரு கோட்டை விதைப்பாடு, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆச்சி ஐந்து மரக்காலைக் கட்டினாலும் அதைக் கோட்டை என்றுதான் சொல்வாள். அதனால் கட்டுதான் முதலில், அளவு அப்புறம் வந்தது என்பது என் முடிவு.

இரண்டுக்கும் 'கோடு', அதாவது வளைவு, என்பதே வேர் என்று சொல்பவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும் நெல் கோட்டை அரண்மனை வழியாக வரவில்லை. நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லைதான், ஆனால் அந்தப் பிரியை முறுக்கிய கை இது.

இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வங்கியில் கடனுக்குப் பத்திரத்தை நீட்டினேன். 'ஒன்றேகால் கோட்டை' என்பதைப் படித்த அதிகாரி, "உங்க தாத்தா கோட்டை கட்டி ஆண்டாரா சார்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெயிலில் நின்று உழுத மனிதரை அவர்கள் சிரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பத்திரத்தில் 'கோட்டை விதைப்பாடு' என்றிருந்தால் அது நிலம். குத்தகைச் சீட்டில் 'கோட்டை' என்று மட்டும் இருந்தால் நெல். நில அளவுக்கு ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும், அதனால் சர்வே எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.