புது டயர் போட்டும் வண்டி ஆடுதா? கேளுங்க, சொல்றேன்

டயர், வீல் பத்தி எதுவேணா கேளுங்கன்னு நேத்து சொல்லிட்டுப் படுத்துட்டேன், காலைல பாத்தா முக்காவாசி பேரு ஒரே பாட்டுதான், புது டயர் போட்டதுலேர்ந்து வண்டி நெதானமா இல்லைன்னு. காரைக்குடில 22 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், தெரிஞ்சத சொல்றேன்.

பள்ளத்தூர் தம்பி: அண்ணே, நாலும் புதுசு, மூணு நாளாச்சு. வளைவுல திருப்புனா வண்டி மெதக்குற மாதிரி இருக்கு. பழைய டயர்ல இப்படி இல்லையே?

பழைய டயர்ல பட்டன், அதான் தரைல படுற ரப்பர் கட்டைங்க, தேஞ்சு 2 மில்லிதான் இருந்துருக்கும், புதுசுல 7, 8 மில்லி நிக்கும். அந்த ஒசரமான ரப்பர் கட்டைங்க தரைல பட்டு கொஞ்சம் நெளிஞ்ச பிறகுதான் வண்டி திரும்பும், அதான் மெதக்குற மாதிரி தெரியுது. இன்னொன்னு, டயரு வார்க்குற அச்சுலேர்ந்து சுளுவா கழண்டு வர ஒரு வழுக்குற பூச்சு அடிப்பாங்க, அதோட மிச்சம் மேலயே இருக்கும். நம்ம ஆத்தங்குடி தரைக்கல்லு நடக்க நடக்க பளபளப்பு ஏறும்ல, டயரு அதுக்கு தலைகீழு, பளபளப்பு போனாத்தான் பிடிக்கும். ஒரு 300 கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்க, மழைல சடன் பிரேக் வேணாம், தன்னால சரியாயிரும்.

தேவகோட்டைலேர்ந்து ஒருத்தர்: எனக்கு மெதக்கல, தூக்கித் தூக்கிப் போடுது, சின்ன பள்ளத்துக்கே குதிச்சு சைடு வாங்குது.

காத்து பாத்தீங்களா? சத்தியமா மொதல்ல காத்துதான். டயர ரிம்முல உக்கார வைக்க கடைல கூடுதலா அடிப்பாங்க, அப்பறம் எறக்க மறந்துருவாங்க, கூட்டமா இருந்தா நானே மறந்துருக்கேன். போன மாசம் கானாடுகாத்தான்லேர்ந்து ஒரு பெரியவரு வந்தாரு, ரெண்டு எடத்துல அலைன்மெண்ட், அதான் வீலு நேரா நிக்குதான்னு, பாத்தாச்சு, காசு போனதுதான் மிச்சம்னாரு. கேஜ வச்சா காத்து 44 psi! அவரு வண்டிக்கு 32 போதும். ஸ்ஸுன்னு எறக்கி விட்டேன், கோட்டையூர் வரைக்கும் போயிட்டு வந்து "இம்புட்டுத்தானாப்பா"ன்னாரு. காசு வாங்கல, மறுநாள் ஒரு டப்பா மனகோலம் பலகாரம் வந்துச்சு. டிரைவர் கதவ தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு போட்டுருக்கும், காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி டயர் ஆறிப்போயி இருக்கும்போது பாருங்க.

கேள்வி: திருச்சி ரோட்டுல 80 தாண்டுனா ஸ்டியரிங் கைல கிடுகிடுங்குது, 60ல ஒன்னுமில்ல.

பேலன்சிங், அதாவது வீலு சுத்தும்போது ஒரு பக்கம் கனம் கூடிருக்கு. முன்னாடி வீலுன்னா கைல தெரியும், பின்னாடின்னா சீட்டுல தெரியும். கனத்த சமப்படுத்த ரிம்முல ஒட்டுற ஈயக்கட்டி விழுந்துருக்கலாம், ரிம்முக்குள்ள செம்மண்ணு அப்பியிருந்தாலும் இதே கூத்துதான். கழுவிட்டு மறுபடி பேலன்சிங் போடச் சொல்லுங்க, மெஷின்ல சைபர் காட்டுதான்னு நீங்களே எட்டிப் பாருங்க.

குன்றக்குடிலேர்ந்து ஒரு ஆச்சி: தம்பி, கைய விட்டா வண்டி இடது பக்கமே போகுது. டயரு மோசமா?

ஆச்சி, கைய விடாதீங்க மொதல்ல! ரோடே தண்ணி வடிய ஓரத்துக்குச் சாஞ்சுதான் இருக்கும், அதனால லேசா இடது போறது சகஜம். ரொம்ப இழுத்துச்சுன்னா காத்து ரெண்டு பக்கமும் ஒன்னான்னு பாத்துட்டு, முன்னாடி ரெண்டு டயரையும் இடம் மாத்திப் போடச் சொல்லுங்க. இழுவை வலது பக்கம் மாறுனா டயர்ல கோளாறு, வாரண்டில கேளுங்க. அப்பவும் இடதுதான்னா பெரும்பாலும் அலைன்மெண்ட். டயர்ல அம்புக்குறி இருந்தா மட்டும் இப்படி மாத்தக்கூடாது, தலைகீழா சுத்தும்.

கேள்வி: ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்கு, முன்னாடிதானே போடணும்?

பின்னாடி. எங்க தொழில்லயே பாதிப்பேரு சண்டைக்கு வருவாங்க, வரட்டும். ஈர ரோட்டுல முன் டயர் வழுக்குனா வண்டி நேரா போகும், காலெடுத்தா பெரும்பாலும் அடங்கும். பின்னாடி வழுக்குனா வண்டியே பம்பரமா சுத்திரும், பெரிய பெரிய டிரைவருக்கே திருப்ப முடியாது. முன்னாடி புதுசு பின்னாடி மொட்டைன்னா பின்பக்கம் வாலாட்டத்தான் செய்யும்.

கேள்வி: அண்ணே நேத்துதான் மாத்துனேன், மெதுவா போகும்போதே டொக்கு டொக்குன்னு சத்தம், வண்டி லேசா அலையுது. ஞாயித்துக்கிழம கடைக்குப் போகலாமா?

ஞாயித்துக்கிழமையா! இப்பவே ஓரங்கட்டுங்க. வீல் ஸ்பானர எடுத்து நட்டு ஒவ்வொன்னா பாருங்க. எந்தக் கடைல மாத்துனாலும் ஒரு 100 கிலோமீட்டர் ஓடுனதும் ஒருதடவ இறுக்கிப் பாக்கணும், அலாய் வீலுக்கு கட்டாயம்.

அவரே: பின் வீல்ல ரெண்டு நட்டு கையிலயே சுத்துதுண்ணே.

வண்டிய நகட்டாதீங்க. ஜாக்கி போட்டு வீல தூக்கி, எதிரெதிரா மாத்தி மாத்தி முடுக்குங்க, எறக்குன பிறகு நல்லா அழுத்தி இறுக்குங்க. போல்ட்டு மரை போயிருந்தா வண்டிய எடுக்கவே வேணாம், எந்த ஊருகிட்ட நிக்கிறீங்க சொல்லுங்க, பையன அனுப்புறேன்.