பரிசலுக்குத் தடை, பயணிக்குக் கோபம்: வழிகாட்டி என்ன செய்யலாம்?

கேள்வி: பென்னாகரத்தைச் சேர்ந்த நான், ஒகேனக்கல்லுக்கு வேனில் வரும் குழுக்களுக்கு அண்மைக் காலமாக வழிகாட்டியாக இருக்கிறேன். பரிசலுக்குத் தடை விதிக்கப்பட்ட நாளில் பயணி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். மற்றவர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவர் குரலை உயர்த்திய பிறகு செய்யக்கூடியது குறைவு; செய்ய வேண்டியதில் பெரும்பகுதி முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். கர்நாடக அணைகளில் திறக்கப்படும் நீராலோ மழையாலோ காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும் என்பதும், தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் கன அடிக் கணக்கைச் செய்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உங்களுக்குப் பழகிப்போன விஷயம்; வெளியூரிலிருந்து முதன்முறையாக வருபவருக்கு அப்படியல்ல. ஆகவே அன்றைய நீர்வரத்து, தடை வந்தால் எங்கே செல்வோம், பரிசல் கட்டணம் யாருடைய பொறுப்பு ஆகிய மூன்றையும் முதல் நாள் மாலையே குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

வேன் கிளம்பியதும் வரலாற்றை ஒப்பிக்கத் தொடங்காமல், யாருக்கு முட்டிவலி, யார் முன்பே வந்தவர் என்று பெயர் சொல்லி விசாரியுங்கள். எல்லாம் தெரிந்தவர்போல் பேசுபவரிடம் அவர் பார்த்த ஒகேனக்கல்லைப் பற்றியே கேளுங்கள். மதிப்புக் கிடைத்துவிட்டால் அவர் பெரும்பாலும் வம்புக்கு வரமாட்டார். கமிஷனுக்காக ஒரே மீன் கடைக்கு அழைத்துப்போவதையும் விட்டுவிடுங்கள், அதைப் பயணிகள் சட்டென்று கண்டுகொள்வார்கள்.

அதையும் மீறிச் சண்டை வந்தால், கூட்டத்தின் நடுவில் பதில் சொல்ல வேண்டாம். “ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க” என்று தள்ளி அழைத்து, அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டு, “பரிசலுக்காகவே பிள்ளைகளைக் கூட்டி வந்தீங்க, அது நடக்கலைங்கிறதுதானே வருத்தம்?” என்று அவர் குறையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பிறகு, அனுமதி உள்ள இடத்தில் நின்று வெள்ளத்தைப் பார்ப்பதா, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போவதா என்று தேர்வை அவரிடமே விடுங்கள். “பேசிப் பார்க்கிறேன், விட்டுவிடுவார்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொய் நம்பிக்கைதான் இரண்டாவது சண்டைக்கு வித்து.

குடித்துவிட்டு வருபவரிடமும், பரிசலில் லைஃப் ஜாக்கெட் அணிய மறுப்பவரிடமும் சமரசமே கூடாது. ஏற்ற முடியாது என்று ஒருமுறை பணிவாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுடன் புறப்படுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால், பணம் கேட்பவரின் கண்ணெதிரிலேயே ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு, போனை அந்தப் பயணியிடமே கொடுத்துவிடுங்கள்.