கோடு போட்டது யார்?

கேள்வி: எனக்கு 61 வயது, பணி ஓய்வு பெற்றவன். சமீபத்தில் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் படித்தேன். பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான் விக்டர். அந்த ஃபிராங்கன்ஸ்டைன் பிறகு கொலை மேல் கொலை செய்கிறது. கொலைகாரனாகிவிட்ட ஒன்றுக்குப் படைத்தவன் என்ன கடமைப்பட்டிருக்கிறான்? விக்டர் மேல் குற்றமில்லை என்பது என் கட்சி. நண்பர் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். யார் சொல்வது சரி? புத்தகத்தை என் மூத்த மகன் கூரியரில் அனுப்பியிருந்தான். புத்தம் புதுப் பிரதி, அருமையான பைண்டிங். பதினோரு வருடமாக அவனோடு பேச்சில்லை, அது வேறு கதை. ஆறு வயதில் தாயை இழந்தவன். நான் மறுமணம் செய்துகொண்டபோது ஹாஸ்டலில் சேர்த்தேன். ஒரு மாதம்கூட ஃபீஸ் தவறியதில்லை, ரசீதெல்லாம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. லீவிலும் அங்கேயே இருந்துவிடுவான், பழகிவிட்டது. இருபது வயதில் விருந்தாளிகள் முன்னால் கூச்சல் போட்டு, அலமாரிக் கண்ணாடியை உடைத்தான். அதன் பிறகு அவனை வீட்டில் சேர்ப்பதில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. இன்னொன்று: புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஏதோ கவிதை வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு இருக்கிறது. யார் போட்டதோ. அதற்கும் கதைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். மூன்றரைப் பக்கத்துக்கு மேல் விக்டருக்காக வாதாடியிருக்கிறீர்கள். மகனுக்குக் கிடைத்தது ஏழெட்டு வரி. அதிலும் "அது வேறு கதை" என்று கதவைச் சாத்திவிட்டீர்கள்.

நான் அந்தப் பென்சில் கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் பக்கத்தில் "புத்தம் புதுப் பிரதி" என்று எழுதிய நீங்களே கடைசிப் பக்கத்தில் "யார் போட்டதோ" என்கிறீர்கள். புதுப் புத்தகத்தில் யார் சார் கோடு போடுவார்கள்? அச்சகத்திலா? அனுப்பியவன் ஒருவன்தான். அவன் கையில் ஒரு பென்சில் இருந்திருக்கிறது. இது தெரியாத ஆள் இல்லை நீங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருக்கிறீர்கள்.

அந்த வரிகள் என்னவென்று சொல்கிறேன். 1818இல் வந்த முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்திலேயே மேரி ஷெல்லி அவற்றை அச்சிட்டிருந்தார். 1667இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ஆதாம் கடவுளைப் பார்த்துக் கேட்பது. மண்ணிலிருந்து என்னை மனிதனாக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா, இருட்டிலிருந்து என்னை வெளியே எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேனா என்று போகும். காவிய மொழியை எடுத்துவிட்டால், பிள்ளைகள் கோபத்தில் கத்துவதுதான்: "என்னைப் பெத்துக்கச் சொல்லி நான் கேட்டேனா?" கண்ணாடி உடைந்த அன்று அவன் கத்தியதும் இதுவாக இருக்கலாம். கண்ணாடி உடைந்ததை எழுதினீர்கள். அவன் என்ன சொன்னான் என்பதை எழுதவில்லை.

சரி, விக்டருக்கு வருவோம், நீங்கள் கேட்டது அவனைப் பற்றித்தானே. உங்கள் வாதம் முழுவதும் ஒரு வரிசைமாற்றத்தில் நிற்கிறது. கொலை செய்தது, ஆகவே கைவிட்டான் என்கிறீர்கள். புத்தகத்தில் அப்படியா இருக்கிறது? நவம்பர் மாத இரவு, மழை ஜன்னலில் அடிக்கிறது, மெழுகுவர்த்தி அணையும் நேரம். மஞ்சள் நிறக் கண் ஒன்று திறக்கிறது. அவ்வளவுதான், விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான். படுக்கையில் போய் விழுகிறான். விழித்துப் பார்த்தால் அந்தப் பிறவி படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறது. வாயில் ஏதோ குழறல், முகத்தில் இளிப்பு, ஒரு கை நீள்கிறது. பிறந்த குழந்தை வேறென்ன செய்யும்? விக்டர் மறுபடி ஓடுகிறான், விடியும்வரை முற்றத்தில் கிடக்கிறான். மறுநாள் பயந்து பயந்து கதவைத் திறக்கிறான். அறை காலி. அப்போது அவன் என்ன செய்கிறான் என்று நினைவிருக்கிறதா? சந்தோஷத்தில் கை தட்டுகிறான்.

அந்தக் கைதட்டலை நீங்கள் எப்படித் தாண்டிப் போனீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த நேரத்தில் அது ஒரு ஈயைக்கூடக் கொன்றிருக்கவில்லை. முதல் கொலை நடக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகிறது. நடுவில் அது காட்டில் பசித்துக் கிடக்கிறது, ஊராரிடம் கல்லடி படுகிறது. ஒரு குடும்பத்தின் சுவரோரம் ஒளிந்திருந்து, அவர்களுக்காக இரவில் விறகு வெட்டி வைக்கிறது, அவர்கள் பேசுவதைக் கேட்டே பேசக் கற்கிறது. தண்ணீரில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றிவிட்டுத் துப்பாக்கிக் குண்டு வாங்குகிறது. தன்னைப் படைத்தவன் தன்னை எப்படி அருவருத்தான் என்பது, போட்டுக்கொண்டு வந்த சட்டையின் பையில் இருந்த அவன் குறிப்பேட்டிலிருந்தே தெரிகிறது.

கொலை கொலைதான். விக்டரின் தம்பி வில்லியம் என்ற சின்னப் பையன் எந்தப் பாவமும் அறியாதவன், அவன் கழுத்தை நெரித்த கைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பனிமலையில் எதிரெதிரே நிற்கும்போது அந்தப் பிறவி என்ன கேட்கிறது? உன் கடமையை நீ எனக்குச் செய், என் கடமையை நான் உனக்கும் மற்றவர்களுக்கும் செய்கிறேன் என்கிறது. படைத்தவனுக்கும் கடமை உண்டு என்பது விக்டருக்கே அன்றுதான் முதல்முறையாக உறைக்கிறது. அதன் கதையைக் கேட்க உட்காருகிறான். அந்த அளவுக்காவது அவன் உங்களைவிடத் தேவலை.

போகட்டும், ஒரு சின்னத் திருத்தம். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் குடும்பப் பெயர். படைக்கப்பட்டதற்குப் பெயரே கிடையாது, கடைசிவரை யாரும் வைக்கவில்லை. உலகமே உங்களைப் போல மாற்றித்தான் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் "மூத்தவன்", மற்ற இடமெல்லாம் "அவன்". பெயரை நானும் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

இப்போது உங்கள் வரிசையையும் பார்த்துவிடுவோம். கண்ணாடி உடைந்தது இருபது வயதில். ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டது ஆறு வயதில், அம்மா செத்துப்போன கையோடு. அந்த ஆறு வயதில் அவன் எதை உடைத்திருந்தான்? லீவில்கூட வீட்டுக்கு வராதது "பழகிவிட்டது" என்கிறீர்கள். எந்தக் குழந்தையும் அதற்குப் பழகுவதில்லை. லீவு விட்ட அன்று மற்ற பிள்ளைகளை அழைத்துப்போக ஆள் வரும். பெட்டி, படுக்கையெல்லாம் வாசலுக்குப் போகும். சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்தில் நாற்பது தட்டு இருந்த இடத்தில் மூன்று தட்டு இருக்கும். வாட்ச்மேன் பரிதாபப்பட்டு டிவி போட்டுவிடுவார். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். உங்கள் மகனைப் போன்றவர்களிடமிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன, உங்களைப் போன்றவர்களிடமிருந்து வருவதைவிட அதிகமாகவே.

மறுமணம் செய்தது தப்பென்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவந்தவன், அந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில்தான் தானும் இருக்க வேண்டும். இதில் நான் பழைய காலத்து ஆள், மாறப்போவதில்லை. ஃபீஸ் கட்டியது நல்லது, கட்டாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு ரசீது வாங்கி இத்தனை வருடம் ஃபைலில் வைத்திருப்பது எதற்கு? யாரிடம் காட்ட? என்றைக்கோ ஒருவன் வந்து கணக்குக் கேட்பான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. வந்துவிட்டான். பதினோரு வருடம் பேசாத மகன் காசு கேட்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒரு புத்தகம் வாங்கி, ஒரே ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கிறான். கல் மனசுக்காரன் செய்கிற வேலையா இது?

நீங்கள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு நண்பரோடு பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். சாகும் தறுவாயில் விக்டரும் கப்பலில் படுத்துக்கொண்டு, தன் நடத்தையைத் திரும்பிப் பார்த்தேன், குற்றம் சொல்ல எதுவுமில்லை என்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் முன்பின் தெரியாத ஒரு கப்பல்காரன். உங்களுக்கு நான் வாய்த்திருக்கிறேன்.

நாவலைப் பற்றிய உங்கள் கருத்தை மகனுக்கு எழுதாதீர்கள். கண்ணாடியைப் பற்றியும் வேண்டாம். அவன் கோடு போட்டுக் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். "நீ கேட்கவில்லை. நான்தான் உன்னைக் கொண்டுவந்தேன், நான்தான் விட்டுவிட்டுப் போனேன்." இதற்கு மேல் ஒரு 'ஆனால்' போட்டீர்களென்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தலைப்பில் அவன் பெயர் இருக்கட்டும். உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டே எழுதுங்கள், திருட்டுத்தனமாக வேண்டாம். பதில் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள், அந்த ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு. வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். லீவுக்கு லீவு அவன் காத்திருந்த அளவுக்காவது.

முகவரிக்கு எங்கே போவது என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள். அந்தக் கூரியர் கவரில் அனுப்பியவர் என்ற இடத்தில் இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடவில்லையே?