ஒரு வினைச்சொல்லில் வந்த போர்: வாசகர் கேள்வி-பதில்

ஐரோப்பியக் காலனி ஆட்சி பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கையில் பீரங்கி இருக்கும்போது ஒப்பந்தம் எதற்கு?

எதிராளியிடமும் பீரங்கி இருந்ததே! எதிராளி என்று நான் சொல்வது பக்கத்து ஐரோப்பிய நாட்டை. 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தெசியாஸ் என்ற ஊரில் உட்கார்ந்து பேசி, கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அன்றைய தூர அளவு) தள்ளி கடலில் ஒரு கோடு கிழித்தன. மேற்கே இருப்பது ஸ்பெயினுக்கு, கிழக்கே இருப்பது போர்ச்சுகலுக்கு. பிரேசில் இன்றும் போர்ச்சுகீசியம் பேசுவதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். 1667இன் பிரெடா ஒப்பந்தம் இன்னும் வேடிக்கை. இன்றைய இந்தோனேசியாவில் ஜாதிக்காய் விளைந்த ரன் என்ற குட்டித்தீவு டச்சுக்காரர்களுக்குப் போனது, இன்று நியூயார்க் நகரின் பகுதியாக இருக்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் தங்கியது. அன்றைய ஜாதிக்காய் விலையில் டச்சுக்காரர்களுக்கு அது நல்ல பேரம்தான்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் எல்லைகளை பெர்லின் மாநாட்டில்தான் ஸ்கேல் வைத்துக் கிழித்தார்களாமே?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் சரியல்ல. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை 14 நாடுகள் கூடின. ஆப்பிரிக்கர் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. பேசியது காங்கோ, நைஜர் ஆறுகளில் கப்பல் விடுவது பற்றியும், கடற்கரையில் புதிதாக இடம் பிடிப்பவர் மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதி பற்றியும்தான். கோடுகளில் பெரும்பாலானவை அப்புறம் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி முடித்தவை. 1890இல் ஜெர்மனி கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபார் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு பிரிட்டன் வடகடலில் இருந்த ஹெலிகோலாந்து தீவைக் கொடுத்தது. சான்சிபார்க்காரர்களையோ ஹெலிகோலாந்துக்காரர்களையோ யாரும் கேட்கவில்லை.

கேள்வி: எத்தியோப்பியா மட்டும் எப்படித் தப்பியது?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1889 மே மாதம் மன்னர் மெனெலிக்கும் இத்தாலியும் ஊச்சாலே என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அம்ஹாரிக் மொழியில் ஒரு படி, இத்தாலிய மொழியில் ஒரு படி. வம்பு 17ஆம் பிரிவில் இருந்தது. மற்ற நாடுகளோடு பேச எத்தியோப்பிய மன்னர் இத்தாலியின் உதவியைப் 'பயன்படுத்திக்கொள்ளலாம்' என்றது அம்ஹாரிக் படி. பயன்படுத்த அவர் 'ஒப்புக்கொள்கிறார்' என்றது இத்தாலியப் படி. விரும்பினால் உண்டு என்பது அங்கே கட்டாயமாகிவிட்டது. அதைக் காட்டி, எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் இருக்கும் நாடு என்று ஐரோப்பிய அரசுகளுக்கு இத்தாலி அறிவித்தும் விட்டது.

மெனெலிக்குக்கு விஷயம் தெரிந்த விதம்தான் கொடுமை. தான் முடிசூடியதைப் பற்றி ஐரோப்பிய அரசர்களுக்கு அவரே கடிதம் எழுதினார். விக்டோரியா ராணியிடமிருந்து வந்த பதில், இனி இத்தாலி வழியாகத் தொடர்புகொள்வோம் என்ற பொருளில் இருந்தது. மொழிபெயர்ப்புப் பிழை என்று சாதிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு சொல்லால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மெனெலிக் அவசரப்படவில்லை. துப்பாக்கிகளை வாங்கிக் குவித்தார், 1893இல் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். 1896 மார்ச் 1 அன்று அத்வா என்ற இடத்தில் நடந்த போரில் இத்தாலியப் படை நொறுங்கியது. ரோமில் பிரதமர் கிரிஸ்பி பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் அடிஸ் அபாபாவில் புதிய ஒப்பந்தம் எழுதி, எத்தியோப்பியாவின் முழு விடுதலையை இத்தாலி ஏற்றது. எரித்திரியா மட்டும் அதன் கையில் தங்கிவிட்டது.

கேள்வி: ஹாங்காங் தீவு பிரிட்டனுக்கு நிரந்தரமாகக் கிடைத்தது என்கிறார்கள். பிறகு ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?

தீவை 1842இல் நான்கிங் ஒப்பந்தத்திலும், எதிர்க்கரையில் கவுலூனை 1860இலும் நிரந்தரமாகவே வாங்கினார்கள். அவற்றை ஒட்டிய பெரும் நிலப்பரப்பை மட்டும் 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். 99 ஆண்டு கழித்து நடப்பதைப் பற்றி அன்றைக்கு யார் கவலைப்பட்டார்கள்? 1970களில் கவலை வந்தது. குத்தகை நிலத்தின் பட்டாக்கள் எல்லாம் 1997இல் முடிகின்றன. அந்த நிலத்தை நம்பி எந்த வங்கி நீண்ட காலக் கடன் கொடுக்கும்? 1979இல் ஆளுநர் மெக்லஹோஸ் பெய்ஜிங் போய்ப் பேச்செடுத்தார். தேதியைத் தள்ளிவைக்கச் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் இசையவில்லை. குத்தகை நிலம் போனால் தீவு தனியாகப் பிழைக்காது. 1984இல் கையெழுத்து போட்டு, 1997இல் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: புதுச்சேரியில் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 என்று இரண்டு நாள் கொண்டாடுகிறார்களே, ஏன்?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே மாதம் கையெழுத்தானது. அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க ஆறு ஆண்டு ஆனது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியைக் கொடுத்தால் அதை முன்மாதிரியாகக் காட்டுவார்களோ என்ற பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை ஆனது, ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரிக் காகிதமும் செல்லுபடியானது. அந்த ஒப்பந்தம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தந்தது. அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இன்றும் புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறார்கள்.