பழைய 5 வோல்ட் ரெகுலேட்டருக்குப் பதிலாக ஸ்விட்சிங் மாட்யூல்: மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். எங்கள் பழைய சிஎன்சி மெஷினின் கன்ட்ரோல் போர்டில் 5 வோல்ட் தரும் எல்எம்323கே என்ற, உலோகக் கூடு கொண்ட ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) இரண்டாவது முறையாகப் போய்விட்டது. எஸ்.பி. ரோட்டில் புதிது கிடைக்கவில்லை. வேறு போர்டிலிருந்து கழற்றியதைத்தான் தருகிறார்கள். அதன் இன்புட்டில் 16 வோல்ட் டிசி இருக்கிறது, போர்டு 1.8 ஆம்பியர் எடுக்கிறது. அந்த இடத்தில் ஸ்விட்சிங் மாட்யூலை (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் சிறு போர்டு) நேரடியாக வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வைப்பதே நல்லது. ஆனால் கால்கள் பொருந்துகின்றனவா என்பது இதில் சிறிய விஷயம். ரெகுலேட்டரைச் சுற்றியுள்ள டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர், கிரவுண்ட் இணைப்பு எல்லாமே பழைய பாகத்தின் குணத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. மாட்யூலின் குணம் வேறு.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்ப்போம். 323கே போன்ற லீனியர் ரெகுலேட்டர் தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. 16-இல் 5 போக மீதி 11 வோல்ட், அதை 1.8 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 20 வாட். போர்டுக்குப் பயன்படுவதோ 9 வாட் மட்டுமே. 323கே-யில் சிலிக்கானுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே ஒரு வாட்டுக்குச் சுமார் 2 டிகிரி வித்தியாசம் இருக்கும் என்பதால், கூடு 80 டிகிரியில் இருந்தால் உள்ளே 120 டிகிரி ஆகிவிடுகிறது. அதன் எல்லையே 125 தான். ஏப்ரல் மாத மதியத்தில், மூடிய பேனலுக்குள், இந்த இடைவெளி எளிதில் கரைந்துவிடும். இதே நிலையில் கழற்றிய பழைய பாகத்தை வாங்கிப் போட்டால் மூன்றாவது முறையும் போகும் என்றே சொல்வேன்.

88 சதவீதத் திறனுள்ள மாட்யூல் அதே 9 வாட்டைத் தர, இன்புட்டிலிருந்து 10.2 வாட் எடுத்துக்கொள்ளும். வெப்பமாவது ஒரு வாட்டுக்குச் சற்று மேல். இன்புட் மின்னோட்டமும் 1.8 ஆம்பியரிலிருந்து 0.64 ஆம்பியராகக் குறைந்துவிடும்.

முதல் சிக்கல் இந்த லாபத்திலிருந்தே வருகிறது. நீங்கள் அளந்த 16 வோல்ட், டிரான்ஸ்பார்மர் முழு லோடில் இருந்தபோது கிடைத்தது. லோடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் அது 18, 19 வோல்ட் வரை ஏறலாம்; லைன் 250 வோல்ட்டைத் தொடும் நேரத்தில் 20-ஐயும் தாண்டலாம். எனவே குறைந்தது 30 வோல்ட் இன்புட் தாங்கும் மாட்யூலையே வாங்குங்கள். பிரிட்ஜ் ரெக்டிபையருக்குப் பின்னாலுள்ள பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இத்தனை வருட வெப்பத்தில் காய்ந்திருக்கும். அதை 35 வோல்ட், 105 டிகிரி ரகத்தால் மாற்றிவிடுங்கள்.

இன்புட் பாதையில் வயர்வுண்ட் ரெசிஸ்டர் (கம்பி சுற்றிய, அதிக வெப்பம் தாங்கும் ரெசிஸ்டர்) ஏதேனும் தொடராக இருக்கிறதா என்றும் பாருங்கள். ரெகுலேட்டரின் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்வதற்காகப் பழைய வடிவமைப்பாளர்கள் அதைச் சேர்ப்பதுண்டு. ஸ்விட்சிங் மாட்யூல், இன்புட் வோல்டேஜ் குறையக் குறைய அதிக மின்னோட்டம் இழுக்கும்; அதனால் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜ் மேலும் கூடி, ஆன் செய்யும் நேரத்தில் மாட்யூல் எழ முடியாமல் திணறும். ரெசிஸ்டர் இருந்தால் நீக்கி, அங்கே வயரைப் பற்றவைத்து, பாதுகாப்புக்கு ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது கிரவுண்ட். 323கே-க்கு இரண்டு கால்கள்தான், ஒன்று இன்புட், மற்றது அவுட்புட். கிரவுண்ட் என்பது அந்த உலோகக் கூடே. அது இரண்டு ஸ்க்ரூக்கள் வழியாக போர்டின் செப்புப் பாதைக்குச் செல்கிறது. சில போர்டுகளில் ஒரு ஸ்க்ரூ கெப்பாசிட்டர் பக்கத்துக் கிரவுண்டையும் மற்றது லாஜிக் பக்கத்துக் கிரவுண்டையும் தொடும். இரண்டையும் இணைத்துக்கொண்டிருந்தது கூடுதான். அதைக் கழற்றியதும், பவரை அணைத்த நிலையில், இரண்டு ஸ்க்ரூ வளையங்களுக்கு இடையே மல்டிமீட்டரின் கன்டினியூட்டியை வைத்துப் பாருங்கள். பீப் வராவிட்டால், வளையங்களைச் சுரண்டி ஈயம் பூசி, தடித்த செப்பு வயரால் இணைத்து, மாட்யூலின் கிரவுண்டை அங்கே கொடுங்கள். இதைத் தவறவிட்டால் மாட்யூல் சரியாக 5 வோல்ட் தந்தாலும் போர்டு உயிர் பெறாது; பிழை எங்கே என்று தேடியே நாள் போய்விடும்.

அதே போர்டில் 7912 போன்ற, மைனஸ் வோல்டேஜ் தரும் நெகடிவ் ரெகுலேட்டர் இருந்தால் அதை இப்படி மாற்ற முனையாதீர்கள். அதன் கால்களின் வரிசையும் வேறு. அதன் உலோகப் பட்டை கிரவுண்ட் அல்ல, இன்புட்.

மாட்யூல் தேர்வில் என் கருத்து கறாரானது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 போர்டில் 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஹீட்சிங்க் இல்லாமல் தொடர்ந்து 2 ஆம்பியர் எடுப்பதே அதற்குச் சுமை. மேலும் வோல்டேஜைச் சரிசெய்ய அதில் ஸ்க்ரூடிரைவரால் திருகும் சிறிய டிரிம்பாட் இருக்கும். மெஷினின் அதிர்வில் அதன் தொடர்பு விட்டுப்போனால் ஃபீட்பேக் (அவுட்புட்டைக் கவனித்துத் திருத்தும் இணைப்பு) அறுந்து, அவுட்புட் ஏறத்தாழ இன்புட் அளவுக்கே எகிறும். போர்டிலுள்ள ஐசி அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும். மாற்றுப் பாகமே கிடைக்காத போர்டுக்கு அந்த அபாயம் தேவையில்லை. டேட்டாஷீட் தரும் நிறுவனத்தின், 5 வோல்ட் நிலையாக அமைந்த, 5 ஆம்பியர் மாட்யூலை விலை கூடினாலும் வாங்குங்கள். அதன் அவுட்புட்டில் எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் வரை அனுமதி என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். போர்டில் அதற்கு மேல் இருந்தால் மாட்யூல் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதே 5 வோல்ட்டில் அனலாக் பகுதி ஏதும் இயங்கினால், அந்தக் கிளைக்கு மட்டும் ஒரு சோக்கும் (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும் சேர்த்து இரைச்சலை வடிகட்டுங்கள்.

போர்டின் 5 வோல்ட் பாதையில் இணைப்பதற்கு முன், மாட்யூலின் அவுட்புட்டில் 2.7 ஓம், 25 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை மட்டும் லோடாகக் கொடுத்து, பேனல் கதவை மூடி, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும்; வயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். மாட்யூலின் இன்புட்டை லோடு இல்லாமலும் லோடுடனும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவுட்புட் நிலையாக இருந்தால் போர்டில் இணைத்து, மாட்யூலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஐசியின் கால்களிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள். பழைய 74 வரிசை டிடிஎல் ரக லாஜிக் ஐசிகளுக்கு அது 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும்.