தங்கம் தோண்டாமல் தங்கம் சேர்த்தவர்: பெலிண்டா மல்ரூனி கேள்வி பதில்

கனடாவின் யூக்கானில் தங்கம் கிடைத்த சேதி பரவி, ஆற்றங்கரைச் சேற்றில் முளைத்த ஊர் டாசன். 1897-ல் அங்கே போய்க் கடை, சாப்பாட்டுக்கடை, விடுதி என்று தொழில் நடத்தியவர் அயர்லாந்தில் பிறந்த பெலிண்டா மல்ரூனி. அவரைப் பற்றி வந்த கேள்விகள்.

கே (மதுரை): முதலில் என்ன சரக்கு கொண்டுபோனார்? மாவும் பருப்புமா?

அதைத்தான் எல்லாரும் சுமந்தார்கள். இவர் எடுத்துப்போனது பட்டு உள்ளாடை, பருத்தித் துணி, வெந்நீர்ப் பை. போகும் வழியில் உள்ள சில்கூட் கணவாயில் சரக்கு முதுகில்தான் ஏற வேண்டும், ஒரு நடைக்கு 25–30 கிலோ. ஒரு மூட்டை மாவோடு அந்த நடை முடிந்துவிடும். அதே எடைக்குப் பட்டு என்றால் எத்தனை உருப்படி என்று பாருங்கள். குளிர் மைனஸ் 40-க்கு இறங்கும் ஊரில் வெந்நீர்ப் பையை விலை கேட்டுவிட்டு யாரும் திரும்பிப் போகமாட்டார்கள்.

"600 சதவீத லாபம்" என்று எழுதுகிறார்கள். அவர்களே தரும் கணக்கு 5,000 டாலர் சரக்கு 30,000-க்குப் போனது என்பது. அப்படியானால் லாபம் 500 சதவீதம்தான். தங்க வேட்டைக் கதை எதைப் படித்தாலும் முதலில் அலகைப் பாருங்கள்.

கே (நெல்லை): ஆளுக்கு ஒரு டன் சரக்கு இருந்தால்தான் எல்லையில் விட்டார்களாமே?

காவல்படை அதைக் கறாராகக் கேட்டது 1898-லிருந்து. இவர் 1897-லேயே கடந்துவிட்டார்.

கே (சென்னை): இவர் நடன விடுதியில் ஆடியவர்தானே?

இல்லை.

கே (ஈரோடு): டாசனை விட்டு ஓடைப் பக்கம் ஏன் விடுதி கட்டினார்?

நல்ல கேள்வி. பொனான்சா, எல்டொராடோ இரண்டு ஓடையும் கூடும் இடம் அது. வேலை நடந்தது அங்கேதான். டாசன் சுமார் 20 கி.மீ. தள்ளி. உறைந்த மண்ணில் நெருப்பு மூட்டி, இளகிய அளவுக்குத் தோண்டி, மீண்டும் நெருப்பு மூட்டி என்று குளிர்காலம் முழுக்கக் குழி இறங்கும். தோண்டிய மண் குவியலாகக் கிடக்கும். அதை அலச ஓடையில் தண்ணீர் ஓட வேண்டும், அதற்கு வசந்தம் வர வேண்டும். அதுவரை தொழிலாளிக்குப் பசி உண்டு, கையில் காசு கிடையாது. சோறும் படுக்கையும் கடனுக்குத்தான். யார் குவியலில் சத்து இருக்கிறது என்று தெரியாதவர் கடன் கொடுத்தால் வசந்தத்தில் கையில் மிஞ்சுவது கல்தான்.

அந்தத் தகவல் விடுதி மேசையில் இலவசமாக வந்து விழும். எந்தக் குழியில் பாறை தட்டியது, யார் பங்கை விற்கத் தவிக்கிறார் என்று சாப்பிடுகிறவர்களே பேசுவார்கள். மல்ரூனி சுரங்கப் பங்குகளும் வாங்கினார். சோற்று வருமானத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

கே (கோவை, நகைப் பட்டறை): தங்கம் அவுன்ஸ் 20.67 டாலர் விற்ற காலம். டாசன் கடைக்காரர்கள் காசுக்குப் பதில் வந்த தங்கத் தூளை 16-க்கு எடுத்தார்கள். அவுன்ஸுக்கு நாலரை டாலர் கொள்ளை இல்லையா?

ஆசாரி அய்யா, நீங்களே இப்படிக் கேட்கலாமா? 20.67 என்பது சுத்தத் தங்கத்துக்கு. ஓடைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். மாற்று, அதாவது அதில் சுத்தத் தங்கத்தின் பங்கு, 78 சதவீதம் என்று வையுங்கள்: 20.67-ஐ 0.78-ஆல் பெருக்கினால் 16.12.

கே (அதே கோவை): அப்போ கடைக்காரருக்கு நஷ்டம்தானே? சேதாரம் யார் தலையில்?

இப்போது சரியான இடத்துக்கு வந்தீர்கள். தூளோடு கருமணல் வரும். காந்தம் வைத்து இழுத்து, மிச்சத்தை ஊதி எடுக்க வேண்டும். ஊதுவதில் பொடித் தங்கமும் பறக்கும். கருமணலை வேண்டுமென்றே பிரிக்காமல் கொடுப்பவர்களும் உண்டு. அதை அப்படியே நிறுத்தால் கடைக்காரர் மணலுக்குச் சோறு போட்டதாகிவிடும். இன்னொன்று, இங்கே அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். சமையல் அவுன்ஸ் 28.35. அலகு, அலகு!

கே (சேலம்): தராசில் சிந்தியது?

அவுன்ஸ் 16 டாலர் கணக்கில் ஒரு டாலர் கடனுக்கு 1.94 கிராம் தூள் நிறுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவையிலும் துளி சிந்தும். அதனால்தான் தரைக் குப்பையை அலசினார்கள். உங்கள் ஊர்ப் பட்டறையிலும் தரை மண்ணுக்கு விலை உண்டே.

கே (தஞ்சை): உறைந்த மண்ணில் கட்டடம் நிற்குமா?

அடுப்புச் சூடு தரைக்கு இறங்கினால் மண் இளகி ஒரு பக்கம் அமிழும், கதவு மூடாது. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று போக இடம் விட வேண்டும். மரச் சந்துகளில் பாசியைத் திணிப்பார்கள். 1898 ஜூலையில் மல்ரூனி டாசனில் திறந்த ஃபேர்வியூ மூன்று மாடி, நீராவிச் சூடு, மின்விளக்கு. உள்சுவரோ கித்தான் துணி மேல் ஒட்டிய காகிதம். பக்கத்து அறைக் குறட்டை இலவசம்.

கே (திருச்சி): தீப்பிடிக்காதா?

பிடித்தது. 1899 ஏப்ரலில் டாசனில் 117 கட்டடங்கள் போயின. குளிரில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்தால் எதை வைத்து அணைப்பது?

கே (சென்னை): ஆட்டக்காரி என்று எங்கோ படித்தேனே?

மேலே பாருங்கள்.

கே (புதுவை): பிரபுவைக் கல்யாணம் செய்தாராமே?

1900-ல், சார்ல்ஸ் கார்பனோவை. பிரபு பட்டம் அவரே சூட்டிக்கொண்டது.

கே (விழுப்புரம்): 30,000 டாலர் இன்றைய ரூபாயில்?

மாற்றித் தரமாட்டேன். மாவு விலையே மாதத்துக்கு மாதம் தாவிய ஊர் அது.

கே (மறுபடியும் கோவை): எல்லா ஓடைத் தங்கமும் ஒரே மாற்றா?

இல்லை, ஓடைக்கு ஓடை மாறும். கடையில் விலை மட்டும் பொதுவாக 16. நிறத்தைப் பார்த்தே எந்த ஓடைத் தூள் என்று சொல்லும் வியாபாரிகள் இருந்தார்கள்.